துறைகளுக்கு நடுவே ஓர் உளவியல் பிஎச்.டி: கான்கோர்டியாவின் 'இண்டி' திட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கனடாவின் மான்ட்ரியலில் உள்ள கான்கோர்டியா பல்கலைக்கழகத்தில் 'இண்டிவிஜுவலைஸ்டு புரோகிராம்' என்றொரு திட்டம் உண்டு. அங்கே எல்லாரும் 'இண்டி' என்பார்கள். இதில் எம்.ஏ., எம்.எஸ்சி., பிஎச்.டி. மூன்றுமே படிக்கலாம். ஆனால் உங்களுக்கென்று தயாராக ஒரு பாடத்திட்டம் இருக்காது. கேள்வியை நீங்கள் கொண்டுவர வேண்டும். எந்தப் பாடங்களைப் படிப்பது, யாரிடம் ஆய்வு செய்வது என்பதையும் நீங்களே முன்மொழிய வேண்டும். ஹாலிஃபாக்ஸின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்திலும் துறையிடை பிஎச்.டி. இருக்கிறது. நடைமுறையில் வேறுபாடுகள் உண்டு என்றாலும், கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கும் உதவும்.

உளவியலை மையமாக வைத்துப் பிஎச்.டி.க்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். இணையத்தில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, கட்டணத்தைக் கட்டி, பிறகு "நெறியாளர் பெயர்" என்ற கட்டத்தில் வந்து நிற்கிறார்கள். இந்தத் திட்டத்தில் படிவம் கடைசி வேலை. முதலில் கேள்வி, அடுத்து ஆட்கள், பிறகு ஆய்வு முன்வரைவு, அதற்குப் பிறகுதான் படிவம். செப்டம்பரில் சேர நினைத்தால், அதற்கு முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

1. இந்தப் பட்டம் எதைத் தராது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பட்டம் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 'சைக்காலஜிஸ்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள மாகாண உளவியலாளர் சங்கமான 'ஓர்த்ர் தே சிக்கோலோக்'கில் உறுப்பினராக வேண்டும். அந்தச் சங்கம் ஏற்றுக்கொண்ட உளவியல் முனைவர் பட்டங்களுக்குத்தான் அந்த வழி திறந்திருக்கிறது. 2012 முதல் உளச்சிகிச்சை அளிப்பதும் அங்கே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட தொழில். மருத்துவர்கள், உளவியலாளர்கள், தனி அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அதைச் செய்யலாம்.

ஊருக்குத் திரும்பினாலும் நிலைமை மாறாது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை செய்ய, இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். வெளிநாட்டுத் துறையிடை பிஎச்.டி. அந்த இடத்தை நிரப்பாது.

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. "எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தேன், கவுன்சலிங் செய்ய ஆசை, கிளினிக்கல் சீட் கிடைக்கவில்லை, அதனால் இண்டி" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: ஐந்தாறு வருடம் போய்விடும், கையில் உரிமம் இருக்காது. ஆய்வு, கற்பித்தல், கொள்கை, மருத்துவமனை ஆய்வுப் பிரிவு, தொழில்நுட்ப நிறுவனங்களின் பயனர் ஆய்வு என்று போக விரும்புகிறவர்களுக்கு இது நல்ல வழி. சிகிச்சை அறையில் உட்கார விரும்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, உரிமம் தரும் படிப்பைத் தேடுவதே நல்லது.

2. ஒரு துறைக்குள் அடங்காத கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

ஏற்கெனவே இருக்கும் ஒரு துறையில் செய்துவிடக்கூடிய ஆய்வுக்கு இண்டியில் இடமில்லை. ஆகவே தேர்வுக் குழு முதலில் பார்ப்பது, "இதை உளவியல் துறையிலேயே ஏன் செய்யக் கூடாது?" என்பதைத்தான். உங்கள் முன்வரைவு முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கேள்வியிலிருந்து ஒவ்வொரு துறையாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் கேள்வி குலைந்துபோக வேண்டும். ஒன்றை எடுத்த பிறகும் கேள்வி அப்படியே நின்றால் அந்தத் துறை வெறும் அலங்காரம். "உளவியல், சமூகவியல், நரம்பியல், யோகா ஆகியவற்றை இணைத்து மன அழுத்தத்தை ஆராய்வேன்" என்பது இந்தச் சோதனையில் தேறாது. அதில் இருப்பது துறைகளின் பட்டியல். கேள்வி இல்லை.

தேறும் கேள்வி எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இதையே கடைசிவரை கொண்டுபோகிறேன்.

மறதிநோயின் ஆரம்ப அறிகுறிகளைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படும் 'மோக்கா' (மான்ட்ரியல் காக்னிட்டிவ் அசெஸ்மென்ட்) என்ற சோதனை மான்ட்ரியலில் உருவானது. அதன் பெயரிலேயே அந்த நகரம் இருக்கிறது. மொத்தம் 30 புள்ளி. 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். 12 ஆண்டு அல்லது அதற்கும் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டித் தருவார்கள். அதில் ஒரு பகுதி, ஒரே நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்வது. 11 சொல் வந்தால் அதற்குரிய புள்ளி. ஆள் பெயர், ஊர்ப் பெயர் சேராது. ஒரே வேரிலிருந்து வரும் சொற்களும் சேராது.

இப்போது ஓர் ஈழத்துப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், மான்ட்ரியலில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அவரிடம் 'ப' என்று சொன்னால் 'பாட்டு', 'பிள்ளை', 'புளி' கணக்கில் வருமா, 'பல்', 'பழம்' மட்டும்தானா? 'படி', 'படிப்பு', 'படித்தவர்' மூன்றா, ஒன்றா? அவர் குறைவாகச் சொன்னால் அதற்குக் காரணம் நினைவா, எழுத்துப் பழக்கமா, மொழியின் அமைப்பா? மருத்துவமனையில் பிரெஞ்சில் கேட்டதை மகள் மொழிபெயர்த்தபோது கேள்வியே மாறிவிட்டதா? "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று வீட்டில் விட்டுவிட்டதால் தாமதமாக வந்தவரா?

சோதனை அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று பார்ப்பது உளவியல். எழுத்து, ஒலி, சொல்லாக்கம் ஆகியவற்றைப் பார்ப்பது மொழியியல். வீட்டில் யார் யாரை எப்போது மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறார்கள் என்பது சமூகவியலும் மானிடவியலும். இதில் எதை நீக்கினாலும் பாட்டியின் புள்ளிக்குப் பொருள் சொல்ல முடியாது. இப்படி ஒன்று கையில் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

கேள்வியை மூன்று வரியில் எழுதுங்கள். உளவியல் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் இன்னும் தயாராகவில்லை.

3. மூன்று பேரைத் தேடுங்கள்

சாதாரணத் திட்டத்தில் ஒரு துறை உங்களைச் சேர்த்துக்கொள்கிறது. இண்டியில் உங்களுக்குத் துறையே கிடையாது. ஒரு முதன்மை நெறியாளரும், அவரோடு சேரும் இரு பேராசிரியர்களுமே உங்கள் துறை. அவர்கள் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகராது. எனவே நேரத்தில் பாதியை இந்தப் படிக்குக் கொடுத்தாலும் தகும்.

தேடலைப் பல்கலைக்கழகப் பெயரிலிருந்து தொடங்காமல் கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கேள்விக்கு நெருக்கமாக அண்மையில் எழுதியவர்கள் யார், அவர்களில் கான்கோர்டியாவில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். அதன் பிறகு துறைப் பக்கங்களுக்குப் போகலாம். கான்கோர்டியாவின் உளவியல் துறை நகரின் மேற்கே லயோலா வளாகத்தில் இருக்கிறது. மொழியியல் தனித் துறை இல்லை. செவ்வியல், நவீன மொழிகள் ஆகியவற்றோடு ஒரே துறையில் இருக்கிறது. சமூகவியலும் மானிடவியலும் சேர்ந்து இன்னொரு துறை. கலைவழிச் சிகிச்சைகளுக்கு நுண்கலைப் புலத்தில் ஒரு துறை உண்டு. முதுமை பற்றிய ஆய்வுகளுக்கு 'என்கேஜ்' என்ற மையம் இருக்கிறது. துறைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இத்தகைய மையங்களைத் தவறவிடுகிறார்கள். துறையிடை ஆய்வுக்கு ஏற்கெனவே பழகிய பேராசிரியர்களை அங்கேதான் எளிதாகப் பிடிக்கலாம்.

முதன்மை நெறியாளர் யாராக இருக்க வேண்டும்? உங்கள் முறையியல் எந்தத் துறையைச் சேர்ந்ததோ, அந்தத் துறைக்காரர். தலைப்பு பொருந்துவது அதற்கு அடுத்ததுதான். மோக்கா எடுத்துக்காட்டில் தரவு சோதனைப் புள்ளிகளாக வரும் என்பதால் உளவியலாளர் முதன்மையாக இருப்பது சரி. அதே கேள்வியை வீடுகளில் தங்கி, பேசி, கவனித்து ஆராய்வதாக இருந்தால் மானிடவியலாளர் முன்னால் நிற்க வேண்டும். முதன்மை நெறியாளரை இப்படிப் பொருத்திப் பார்க்காமல் தேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் தங்கள் புள்ளியியலைச் சரிபார்க்க ஆளில்லாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை: அவர் முழுநேரப் பேராசிரியரா? ஓய்வுபெறும் கட்டத்தில் இருக்கிறாரா? அடுத்த ஆண்டு சபாட்டிக்கல் எனப்படும் நீண்ட ஆய்வு விடுப்பில் போகிறாரா? புது மாணவர்களை எடுக்கிறேன் என்று தன் பக்கத்தில் போட்டிருக்கிறாரா? கனடிய உளவியல் பேராசிரியர்கள் பலர் இதை வெளிப்படையாகவே எழுதிவைக்கிறார்கள்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். முதன்மை நெறியாளரை முதலில் பிடியுங்கள். மற்ற இருவருக்கும் நல்ல ஆட்களை அவரே சொல்லக்கூடும். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகும் குழுவும் அப்போதுதான் அமையும்.

4. முதல் மின்னஞ்சல்

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வுகளைக் கண்டு வியந்தேன், தங்கள் பொன்னான வழிகாட்டுதலில் பயில விழைகிறேன்" என்ற பாணியை நம் கல்லூரிகள் நமக்குப் பழக்கிவிட்டன. கனடாவில் இப்படி வரும் கடிதம் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் போனதாகவே படும். மரியாதை குறைய வேண்டியதில்லை. 'டாக்டர்' என்று குடும்பப் பெயரோடு அழைத்தால் போதும். 'சார்', 'மேடம்' வேண்டாம்.

200 சொற்களுக்குள் முடியுங்கள். முதல் வரியிலேயே இண்டி பிஎச்.டி.க்கு முதன்மை நெறியாளரைத் தேடுவதாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உளவியல் துறையின் வழக்கமான சேர்க்கை என்று நினைத்து, துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று பதில் வரும். அடுத்து உங்கள் மூன்று வரிக் கேள்வி. பிறகு அவருடைய ஒரு கட்டுரையோடு அது எங்கே உரசுகிறது என்று ஒரே வரி. பாராட்டாக இல்லாமல் குறிப்பாக இருக்கட்டும்: "உங்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுகிறவர்கள், எழுத்து முறையே வேறான மொழியில் அந்த முடிவு நிற்குமா என்று பார்க்க விரும்புகிறேன்." இந்த ஒரு வரிக்காகத்தான் பதில் வரும். உங்கள் பயிற்சியை இரண்டு வரியில் சொல்லி, 20 நிமிட வீடியோ பேச்சு சாத்தியமா என்று கேட்டு முடியுங்கள். சி.வி.யை இணையுங்கள். முழு முன்வரைவை இப்போதே அனுப்ப வேண்டாம்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். 'முடியாது' என்று பதில் போட்டவரிடம் "வேறு யாரை அணுகலாம்?" என்று கேட்க மறக்காதீர்கள். நல்ல குழுக்கள் பல இந்த ஒரு கேள்வியில் உருவானவை.

அந்தப் பேச்சில் அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். "சுவாரசியமாக இருக்கிறது" என்பது சம்மதம் அல்ல. "முதன்மை நெறியாளராக இருக்கச் சம்மதம்" என்று எழுத்தில் வர வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, விண்ணப்பம் மூடும் வாரத்தில் ஆளில்லாமல் நின்றவர்கள் உண்டு.

5. ஆய்வு முன்வரைவு

முதன்மை நெறியாளர் கிடைத்த பிறகு எழுதுங்கள். முன்னாலேயே எழுதிவிட்டால் அவர் சொல்லும் மாற்றத்தை உங்கள் மனம் ஏற்காது.

படிக்கப்போவது பல துறைக்காரர்கள் இருக்கும் ஒரு குழு. உளவியலாளருக்குப் பச்சைத் தண்ணீராக இருக்கும் சொல் பொறியியல்காரருக்குப் புரியாமல் போகலாம். துறைச் சொல் ஒவ்வொன்றையும் முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்குங்கள்.

முதல் பத்தியில் கேள்வி வர வேண்டும். உளவியலின் வரலாற்றை எழுதாதீர்கள். பெரிய பெயர்களை வரிசையாக அடுக்கவும் வேண்டாம். அடுத்து, இதுவரை யார் எதைச் செய்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் சொல்லுங்கள். ஒரு துறைக்கு நான்கு பத்தி, மற்றதற்கு ஒரு வரி என்று போனால் உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

முறையியல் பகுதியில்தான் பெரும்பாலான முன்வரைவுகள் விழுகின்றன. "தரமும் அளவும் கலந்த முறையைப் பயன்படுத்துவேன்" என்பது பதில் ஆகாது. எத்தனை பேர், அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், என்ன கேட்பீர்கள், ஒரு முறையில் கிடைத்தது இன்னொரு முறையில் கிடைத்ததோடு முரண்பட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நேர்மையான ஒரு பத்தி எழுதியவரின் முன்வரைவு தனியாகத் தெரியும். பாட்டி சோதனையில் 22 எடுக்கிறார், ஆனால் வீட்டில் கணக்கு வழக்கு முழுவதையும் அவரே பார்க்கிறார். உங்கள் ஆய்வு இந்த இரண்டில் எதை நம்பும், ஏன்?

பயன்படுத்தும் கருவிகளின் உரிமையையும் கவனியுங்கள். உளவியல் சோதனைகள் பலவற்றை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்த முடியாது. மோக்காவுக்கே பயிற்சியும் சான்றிதழும் கேட்கிறார்கள். இதை முன்வரைவில் ஒரு வரி சொன்னால் நடைமுறை தெரிந்தவர் என்று புரியும்.

அறநெறி அனுமதியும் அப்படியே. கனடாவில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் 'டி.சி.பி.எஸ். 2' என்ற கொள்கைக்கு உட்பட்டவை. அதற்கான 'கோர்' என்ற இணையப் பயிற்சி இலவசம். ஊரில் இருந்தபடியே முடித்துச் சான்றிதழை சி.வி.யில் சேர்த்துவிடலாம். இந்தியாவில் தரவு திரட்டப்போகிறீர்கள் என்றால், மான்ட்ரியல் அனுமதி மட்டும் போதாது. இங்குள்ள அறநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலைப் படித்துவிடுங்கள். இதற்கான மாதங்களை உங்கள் கால அட்டவணையில் சேர்க்காவிட்டால் அந்த அட்டவணையை யாரும் நம்ப மாட்டார்கள்.

6. பாடத் தேர்வு

கான்கோர்டியாவில் பிஎச்.டி. 90 கிரெடிட். அதில் பெரும்பகுதி ஆய்வேடு. வகுப்புப் பாடங்கள் சிலவே. ஆகவே விரும்பிய பாடங்களை எடுக்காமல் உங்களிடம் இல்லாத திறமையைத் தரும் பாடங்களை எடுங்கள். உளவியல் எம்.எஸ்சி. முடித்தவருக்கு இன்னொரு உளவியல் கோட்பாட்டுப் பாடம் தேவையில்லை. மொழியியலில், ஒரு மொழியின் ஒலிகள் இயங்கும் விதத்தைச் சொல்லும் ஒலியனியல் பாடம் ஒன்றும், களப்பணி முறை ஒன்றும் தேவை. அந்தப் பாடம் அந்த ஆண்டு நடக்கிறதா, வெளித்துறை மாணவருக்கு இடம் உண்டா என்று நெறியாளர் வழியாகக் கேட்டுவிடுங்கள்.

7. சான்றிதழ்களும் பெயரும்

இதைக் குழு அமைக்கும் வேலையோடு சேர்த்தே தொடங்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வாரங்கள் ஆகும். மதிப்பெண் பட்டியல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்திட்ட டிரான்ஸ்கிரிப்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புரொவிஷனல் மட்டும் வைத்திருப்பவர்கள் பட்டமளிப்புச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சிக்கல், இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எம்.' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'மாணிக்கம்' குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாராக வைத்திருங்கள். பரிந்துரை எழுதுபவர்களுக்கும் அதே பெயரைக் கொடுங்கள். மூன்று ஆவணத்தில் மூன்று பெயர் இருந்தால், கோப்பு ஒன்றாகச் சேராமல் அலுவலகத்தில் கிடக்கும்.

பரிந்துரைக் கடிதங்களுக்கு, பதவியில் பெரியவரைவிட உங்கள் வேலையைப் பார்த்தவர் மேல். ஆய்வேட்டை வரி வரியாகத் திருத்திய உதவிப் பேராசிரியர், துறைத் தலைவரைவிட நல்ல கடிதம் எழுதுவார். அவர்களிடம் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். "நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு, உங்கள் ஆய்வு, வகுப்பில் செய்தது, இண்டி என்றால் என்ன என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். கடிதத்தை அவர்களே எழுதட்டும். ஒரே கை எழுதிய மூன்று கடிதங்கள் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

8. பணம்

துறை இல்லாததன் விலை இங்கேதான் தெரியும். வகுப்பு உதவியாளர் வேலைகளைத் துறைகள் பெரும்பாலும் தங்கள் சொந்த மாணவர்களுக்கே முதலில் கொடுக்கும். எனவே முதன்மை நெறியாளரிடம் கேட்டுவிட வேண்டியது: உங்கள் ஆய்வு நிதியிலிருந்து எனக்கு ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு? இதைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. கேட்காதவரைத்தான் விவரம் தெரியாதவர் என்று நினைப்பார்கள்.

கனடாவின் கூட்டரசு ஆய்வு நிதி மூன்று கவுன்சில்கள் வழியாக வருகிறது: சமூக அறிவியலுக்கு ஒன்று, இயற்கை அறிவியலுக்கும் பொறியியலுக்கும் ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. துறையிடை மாணவர்கள் இங்கே இடறுகிறார்கள். மோக்கா கேள்வியை மொழி, குடும்பம் என்ற பக்கத்திலிருந்து எழுதினால் ஒரு கவுன்சில், நோயறிதல் என்று எழுதினால் வேறொன்று. தவறான கதவைத் தட்டினால் தகுதியில்லை என்று திரும்பிவிடும். விண்ணப்பத்துக்கு முன்பே நெறியாளரோடு பேசி ஒரு கதவை முடிவுசெய்யுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு எந்த உதவித்தொகை திறந்திருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

9. படிவமும் அதற்குப் பிறகும்

இப்போது படிவத்தைத் திறக்கலாம். கையில் எல்லாம் இருந்தால் ஒரு நாள் வேலைதான். நோக்க அறிக்கையில் முன்வரைவைத் திரும்ப எழுதாமல், இந்தக் கேள்விக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள், என்ன பயிற்சி இருக்கிறது, இந்த மூவர் ஏன் என்று எழுதுங்கள். குழுவில் உள்ள மூவருக்கும் இறுதி முன்வரைவு போயிருக்க வேண்டும். ஒருவர் பழைய வடிவத்தையும் இன்னொருவர் புதியதையும் வைத்திருந்தால் தேர்வின்போது குழப்பம் வரும். ஆங்கிலத் தேர்வு முடிவு, பரிந்துரைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தனவா என்று உங்கள் கணக்கில் நீங்களே பாருங்கள். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சமர்ப்பித்தால், விடுபட்டதை நிரப்ப அவகாசம் இருக்கும்.

இடம் கிடைக்காமல் போனால், காரணத்தை நெறியாளர் வழியாகக் கேளுங்கள். "துறையிலேயே செய்யலாம்" என்பது காரணமானால், அடுத்த ஆண்டு உளவியல் துறைக்கே விண்ணப்பித்து, மற்ற இருவரையும் ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். முறையியல்தான் குறை என்றால், அதே குழுவோடு திருத்தி அனுப்பலாம்.

இடம் கிடைத்தால் கியூபெக்குக்கு ஒரு கூடுதல் படி உண்டு. முதலில் மாகாண அரசின் ஏற்புச் சான்றிதழான சி.ஏ.க்யூ., அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டரசின் படிப்பு அனுமதி. ஒன்டாரியோவில் இருக்கும் நண்பர் சொன்ன வரிசையை நம்பி சி.ஏ.க்யூ.வை விட்டுவிடாதீர்கள். சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே அதற்கு விண்ணப்பியுங்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே குழுவில் உள்ள மூவரையும் ஒரே அழைப்பில் சந்திக்க வையுங்கள். முதல் ஆண்டில் யார் எதைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள், கருத்து வேறுபட்டால் யார் முடிவு, கட்டுரைகளில் பெயர் வரிசை எப்படி என்று பேசி, அன்றைக்கே மூவருக்கும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.